வாடகை பாக்கி நின்றால் வீட்டு ஓனர் முறைப்படி என்ன செய்ய வேண்டும்?

‘அட்வான்ஸ் நம் கையில்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூன்று நான்கு மாதம் விட்டுப்பிடிக்கும் ஓனர்கள்தான் கடைசியில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பாக்கி ஏற ஏற அட்வான்ஸ் கரைகிறது. ஐந்தாவது மாதம் கோபம் வந்து, வக்கீலைத் தேடிப் பிடித்து, நோட்டீஸ் விட்டு, மனுப் போட்டு, உத்தரவு வாங்கும்போது அட்வான்ஸ் முழுக்கத் தீர்ந்திருக்கும். இ.பி. பாக்கி, பெயின்ட் செலவு, உடைந்த குழாய் எல்லாம் கைக்காசு. ஆகவே அட்வான்ஸை வாடகையாகவே நினைக்காதீர்கள். அது சாவி கைக்கு வரும் நாளில் கணக்குப் பார்ப்பதற்கான பணம். பாக்கி நின்றால் செய்ய வேண்டிய வேலை இரண்டாவது மாதம் முடியும்போதே தொடங்க வேண்டும். சட்டமும் இரண்டு மாதத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது.

வீட்டையோ கடையையோ முதல்முறையாக வாடகைக்கு விட்டவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் நகர்ப்பகுதிகளில் உள்ள நடைமுறை இது. வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வக்கீலிடம் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். அது இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்தது, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு, கடை, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். அரசுக் கட்டடங்கள், வக்ஃபு சொத்துகள், வேலையோடு சேர்த்துக் கம்பெனி கொடுக்கும் குவார்ட்டர்ஸ் போன்றவற்றுக்குப் பொருந்தாது.

உங்கள் வீடு நகர எல்லைக்கு வெளியே கிராம ஊராட்சியில் இருந்தால் வழி வேறு. அங்கே 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். மாத வாடகையை முடித்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் 15 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் சிவில் வழக்கு எப்படி நகரும் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் வேலை: அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள்

புதிய சட்டத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்க வேண்டும். மாவட்டங்களில் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரைத்தான் வாடகை அதிகாரியாக நியமிக்கிறார்கள். இந்தப் பதிவை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம். முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். ‘பதினொரு மாதத்துக்குத்தானே போட்டிருக்கிறோம், பதிவே வேண்டாமே’ என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பேச்சு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அந்தப் பதிவு கட்டாயம் என்பதால்தான் பதினொரு மாத வழக்கமே வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்குப் பதினொரு மாதம், பன்னிரண்டு மாதம் என்ற கணக்கு கிடையாது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்திருக்கும் அக்ரிமென்ட், இந்தச் சட்டத்தின் கண்ணில் பதிவாகாத ஒப்பந்தம்தான். பதிவாகாத ஒப்பந்தத்தை வாடகை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில் சிக்கல் வரும்.

சரி, பதிவு செய்யவில்லை, இனி என்ன? வழி அடைந்துவிடவில்லை. சட்டத்தின் 21ஆவது பிரிவில் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் காரணமே, ‘சட்டப்படியான ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியது’. வாடகை பாக்கி அதற்கடுத்த காரணம். பதிவான ஒப்பந்தம் இருந்தால் பாக்கியைக் காட்டிக் கேட்கலாம். அது இல்லாதவர்கள் பெரும்பாலும் முதல் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுப் போடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எது நிற்கும் என்பதை, காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே வக்கீல் சொல்ல முடியும். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

அக்ரிமென்ட்டில் பார்க்க வேண்டியவை: வாடகை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டா, மெயின்டனன்ஸும் தண்ணீர்க் கட்டணமும் யார் பொறுப்பு, அட்வான்ஸ் எவ்வளவு, யார் பெயரில் கையெழுத்து. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அண்ணன் பெயரில் அக்ரிமென்ட், தம்பி குடியிருக்கிறார், வாடகை தம்பி மனைவியின் கணக்கிலிருந்து வருகிறது என்று இருக்கும். நோட்டீஸ் போக வேண்டியது கையெழுத்துப் போட்டவருக்கு. குடியிருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுவது நல்லது.

கணக்கு எழுதுங்கள், ஒரே பக்கத்தில்

இதைச் சாதாரண வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். பாக்கி வழக்குகளில் ஓனர் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ‘ஆறு மாசமா ஒழுங்கா தரலை’ என்று சொன்னால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. எந்த மாதம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில், எந்த வழியில், மீதி என்ன என்று வரிசையாக இருக்க வேண்டும்.

உதாரணமாக, மாத வாடகை ரூ. 14,000, மெயின்டனன்ஸ் ரூ. 1,200 என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் ரூ. 8,000 மட்டும் ஜிபேயில் வந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஒன்றும் வரவில்லை. மெயின்டனன்ஸ் மூன்று மாதமும் வரவில்லை. ஜூன் மீதி 6,000, ஜூலை 14,000, ஆகஸ்ட் 14,000. ஆக வாடகை பாக்கி 34,000. மெயின்டனன்ஸ் 3,600. மொத்தம் ரூ. 37,600. வட்டி இருந்தால் தனி வரியில். ‘சுமார் நாற்பதாயிரம்’ என்று எழுதாதீர்கள். கேட்ட தொகை கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வாடகை வந்த வரிகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக வாங்கி ரசீது தராதவர்களுக்கு ஒரு வார்த்தை: ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை, தருவது உங்கள் கடமை. வங்கி வழியாக வந்தால் வங்கிப் பதிவே ஆதாரம். இனிமேலாவது ரொக்கத்தை நிறுத்திவிடுங்கள். ‘கையில் கொடுத்தேன் சார், அவர்தான் ரசீது தரலை’ என்ற வாதத்துக்கு இடமே இருக்காது.

முதல் மாதம்: பேசுங்கள், ஆனால் எழுத்திலும் பேசுங்கள்

ஒரு மாதம் தவறியதுமே வக்கீல் நோட்டீஸ் விடுவது எனக்கு உடன்பாடில்லை. வேலை போயிருக்கலாம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கலாம், சம்பளம் தள்ளிப் போயிருக்கலாம். நல்ல குடித்தனக்காரர் அமைவது அத்தனை சுலபம் இல்லை. போய்ப் பேசுங்கள். மாலையில், ஒருவராக, காபி குடிக்கும் நேரத்தில் போங்கள். மச்சான், மாமா என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது பேச்சுவார்த்தையாக இருக்காது.

பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும், பேசியதை வாட்ஸ்ஆப்பில் நாலு வரியில் அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம் சார். இன்று மாலை பேசியபடி ஜூன் மாத மீதி ரூ. 6,000ஐ இந்த மாதம் 20ஆம் தேதிக்குள்ளும், ஜூலை வாடகை ரூ. 14,000ஐ 31ஆம் தேதிக்குள்ளும் அனுப்பிவிடுவதாகச் சொன்னீர்கள். சரிதானே?”

அவர் ‘ஓகே சார்’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டால், பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பேக்அப் எடுத்து வையுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியை நீதிமன்றத்தில் காட்டும்போது, 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டியிருக்கும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். செய்தி வந்த போனிலேயே அது அழியாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

பாக்கி பெரிதாகிவிட்டது, தவணையில் தருகிறேன் என்கிறாரா? ஏற்கலாம். ஆனால் ஒரு தாளில், மொத்த பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு, இதோடு நடப்பு மாத வாடகையும் தவறாமல் வர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நடப்பு வாடகையைப் பற்றி எழுதாமல் விட்டால், பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே புதுப் பாக்கி ஏறும்.

வாடகைக்குச் செக் கொடுத்து அது திரும்பி வந்தால் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்கீழ் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். நாள் கணக்கு மிகக் கண்டிப்பானது. இந்த நோட்டீஸையும் வாடகை பாக்கி நோட்டீஸையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக விடுவது நல்லது.

இரண்டு மாதம் ஆனதும்: கோரிக்கை நோட்டீஸ்

இதுதான் மொத்த நடவடிக்கைக்கும் அடித்தளம். சட்டம் சொல்வது இது: இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் நிலுவையில் இருந்து, ஓனர் நோட்டீஸ் கொடுத்து, அது சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழு பாக்கியும் வராவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். நோட்டீஸ் தராமல் நேரே மனுப் போட்டால் இந்தக் காரணம் நிற்காது.

நோட்டீஸை நீங்களே எழுதலாம், வக்கீல் மூலமும் அனுப்பலாம். வக்கீல் லெட்டர்ஹெட்டில் போனால் எதிராளி கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொள்வார் என்பது உண்மைதான். நீங்களே எழுதினாலும் செல்லும். நடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

“மேற்கண்ட முகவரியில் முதல் தளத்திலுள்ள எனது குடியிருப்பில், … தேதியிட்ட வாடகை ஒப்பந்தத்தின்படி (வாடகைப் பதிவு எண் …) மாதம் ரூ. 14,000 வாடகைக்குத் தாங்கள் குடியிருந்து வருகிறீர்கள். ஒப்பந்தப்படி ஒவ்வொரு மாத வாடகையையும் அந்த மாதம் 5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஜூன் மாத வாடகையில் ரூ. 6,000, ஜூலை மாத வாடகை ரூ. 14,000, ஆகஸ்ட் மாத வாடகை ரூ. 14,000, மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணம் ரூ. 3,600, ஆக மொத்தம் ரூ. 37,600 இன்றுவரை நிலுவையில் உள்ளது. இத்தொகையை ஒப்பந்தத்தில் கண்ட வட்டியுடன், இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2) பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் குடியிருப்பைத் திரும்பப் பெற மனுச் செய்வேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அவர் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், மாடியில் துணி காய்வது, பைக்கை எங்கே நிறுத்துகிறார் என்று மனக்குறையை எல்லாம் இதில் இறக்கிவைக்கத் தோன்றும். இறக்காதீர்கள். நாளை நீதிபதி படிக்கப் போகும் தாள் இது. ‘ஒரு வாரத்தில் காலி செய்யாவிட்டால் சாமான்களைத் தூக்கி வெளியே போடுவேன்’ என்று எழுதிவிட்டால், வாடகைதாரர் அதையே எடுத்துக்கொண்டு உங்கள் மேல் தடை உத்தரவு கேட்டுப் போவார்.

தபால் நிலையத்தில்

நோட்டீஸ் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106(4) பிரிவைச் சட்டம் கைகாட்டுகிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம். நேரில் அவரிடமோ, வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ, வேலையாளிடமோ கொடுக்கலாம். இது எதுவும் நடக்காத நிலையில் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம்.

தபால்தான் நல்லது. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ‘ரிஜிஸ்டர் தபால்’ என்று பழக்கத்தில் கேட்டால் கவுன்ட்டரில் ஸ்பீடு போஸ்ட் என்பார்கள். அதிலேயே பதிவு வசதியும், சேர்த்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் எழுதும் முகவரி, அக்ரிமென்ட்டில் உள்ள பெயரோடும் முகவரியோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். பின்கோடு தப்பாக இருந்து கவர் சுற்றி அலைந்தால் உங்களுக்குத்தான் நாள் வீண்.

கவுன்ட்டர் ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த அச்சு சில மாதங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். கன்சைன்மென்ட் எண்ணை வைத்து, சேர்ந்த தேதி காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் ஒரு மாதக் கணக்கு தொடங்குவது அனுப்பிய தேதியில் அல்ல, சேர்ந்த தேதியில்.

‘வாங்க மறுத்தார்’, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கவர் திரும்பி வந்தால் பதற வேண்டாம். சரியான முகவரிக்குப் பணம் கட்டி அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். சேரவில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதோடு ஒரு நகலை வீட்டுக் கதவில் ஒட்டி, கதவு எண் தெரியும்படி தேதியுடன் போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டால் இன்னும் பலம்.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கலாம்?

முழுப் பணமும் வட்டியோடு வந்துவிட்டால் அந்த நோட்டீஸின் வேலை முடிந்தது. பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்ய உத்தரவு கிடைக்காது. நோட்டீஸையும் ரசீதுகளையும் மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நோட்டீஸுக்குப் பிறகு பணம் கட்டித் தப்பிக்கும் இந்தச் சலுகையை ஒருமுறை அனுபவித்தவர், அதன்பிறகு ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி தவறினால் அவருக்கு இரண்டாம் முறை அந்தச் சலுகை இல்லை. முதல் தடவை நடந்ததை நிரூபிக்க இந்தக் காகிதங்கள் வேண்டும்.

பகுதிப் பணம் வந்தால்? வாங்கிக்கொள்ளுங்கள். ‘ரூ. 10,000 வரவு வைக்கப்பட்டது, மீதி ரூ. 27,600 நிலுவை, நோட்டீஸின்படி எனக்குள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி ஏற்கிறேன்’ என்று உடனே ஒரு செய்தி அனுப்புங்கள்.

பல ஓனர்கள் யாரோ சொன்னார்கள் என்று நேரெதிராகச் செய்வார்கள். வாடகை வந்தால் திருப்பி அனுப்புவார்கள், மணியார்டரை மறுப்பார்கள், ஜிபே எண்ணை பிளாக் செய்வார்கள், ‘அப்போதுதான் கேஸ் நிற்கும்’ என்று. இது சொந்தச் செலவில் சூனியம். ஓனர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்ட வாடகைதாரருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிக் கட்டிவிட்டால் அவர் தவறவில்லை, நீங்கள்தான் மறுத்தீர்கள் என்றாகிவிடும். மனுப் போடும் முன், அப்படி எதுவும் அவர் கட்டியிருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் நோட்டீஸும் வரலாம். ‘மோட்டார் ரிப்பேருக்கு நான் செலவழித்தேன், அதைக் கழித்துக்கொண்டேன்’ என்பதுதான் வழக்கமான பதில். பில் இருக்கிறதா, நீங்கள் ஒப்புக்கொண்ட செலவா என்று பாருங்கள். நியாயமாக இருந்தால் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய் ரிப்பேர் பில்லுக்காக முப்பதாயிரம் பாக்கியை இழுத்தடிக்க விடுவது புத்திசாலித்தனம் அல்ல.

கை வைக்கவே கூடாத இடங்கள்

இ.பி. ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மாடிப்படி விளக்கை அணைப்பது, லிஃப்டை முடக்குவது, கழிவுநீர் இணைப்பை அடைப்பது. வாடகை எவ்வளவு பாக்கி இருந்தாலும் அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தால், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும். அதன்பின் நீங்கள் பாக்கி கேட்கும் ஆளாக நிற்க மாட்டீர்கள், பதில் சொல்லும் ஆளாக நிற்பீர்கள்.

அவர் ஊருக்குப் போன நேரத்தில் பூட்டின் மேல் பூட்டுப் போடுவதும், சாமான்களை வெளியே எடுத்துப் போடுவதும் இதைவிட மோசம். சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போட்டு, சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் உள்ளே வந்துவிடலாம். அத்துமீறி நுழைதல், தடுத்து நிறுத்துதல் என்று போலீஸ் புகாரும் சேரும்.

போலீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. வாடகை பாக்கிக்காக ஸ்டேஷனுக்குப் போனால், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் ‘நான் பேசிக் காலி பண்ணித் தர்றேன், இவ்வளவு கொடுங்க’ என்று வந்தால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். கட்டப்பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வக்கீல் ஃபீஸ் கட்டி மிச்சமும் இருக்கும்.

வாடகை நீதிமன்றம்

ஒரு மாதம் முடிந்தது, பணம் வரவில்லை. இனி வாடகை நீதிமன்றம். காலி செய்யும் மனுவை வாடகை அதிகாரியிடம் கொடுத்தால் ஆகாது; அவர் வேலை பதிவு, வாடகைத் திருத்தம், அத்தியாவசிய வசதி போன்றவை. சிவில் கோர்ட்டுக்கும் இந்த விஷயங்களில் அதிகாரம் இல்லை. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள்தான் வாடகை நீதிமன்றமாக இருந்து விசாரிக்கிறார்கள்.

மனுவோடு பிரமாணப் பத்திரம், பதிவான ஒப்பந்தம், சொத்து உங்களுடையது என்பதற்கான பத்திர நகல், சொத்துவரி ரசீது, பாக்கிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அல்லது திரும்பி வந்த கவர் எல்லாம் போக வேண்டும். இங்கே சிவில் நடைமுறைச் சட்டத்தின் நீண்ட சடங்குகள் இல்லை. மனு, பதில், ஆவணம், சுருக்கமான விசாரணை என்று போகும். விரைவில் முடிக்க வேண்டும், வாய்தா மேல் வாய்தா கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். நடப்பில் சம்மன் சேருவதற்கே நாளாகும். அதனால்தான் இரண்டாவது மாதத்திலேயே தொடங்கச் சொல்கிறேன்.

வழக்கு நடக்கும் காலத்தில் வாடகை நின்றுபோவது ஓனருக்குப் பெரிய அடி. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மாத வாடகையைக் கட்ட உத்தரவிடுமாறு தனியாக ஒரு மனுப் போடலாம். இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் நிறைய. வக்கீலிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தோ, உத்தரவு வந்த பிறகோ காலி செய்யாமல் இருந்தால், அந்தக் காலத்துக்கு மாத வாடகையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பணப் பாக்கியை வசூலிக்க 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுதான் கெடு. ‘வீடு வந்துவிட்டது, பணத்தை மெதுவாகப் பார்ப்போம்’ என்று பழைய மாதங்களைக் காலாவதியாக விடாதீர்கள்.

உத்தரவு யாருக்குப் பாதகமாக வந்தாலும் 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு இல்லை, ஆனாலும் காலி செய்யவில்லை என்றால் அந்த உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி அதே வாடகை நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு. நீதிமன்ற ஊழியர் வந்து வீட்டின் சுவாதீனத்தை, அதாவது வீட்டை உங்கள் வசம், எடுத்துத் தருவார், தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு. அதே போலீஸ்தான், இப்போது கையில் உத்தரவு இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

ஓனர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பவர் ஏஜென்ட் மூலம் நடத்தலாம். அங்கே தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவர் பத்திரத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இதைத் தவறவிட்டு வழக்கின் நடுவில் பத்திரம் செல்லாது என்று மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

நடுவில் ஒரு குறுக்கு வழி, நல்ல குறுக்கு வழி

வழக்குப் போடும் முன்போ, போட்ட பிறகோ, லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். ‘பாக்கியில் பாதியை விட்டுவிடுகிறேன், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள்’ என்பது மாதிரி உடன்பாடு வந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. வாயால் சொன்ன வாக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஓனர் பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இங்கே இலவச சட்ட உதவி கேட்கலாம். கணவர் விட்டுச் சென்ற ஒரு போர்ஷன் வாடகையில் குடும்பம் நடத்தும் பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

என்னைக் கேட்டால், பாக்கி பெரிதாக இருந்து, அவரிடம் உண்மையிலேயே பணம் இல்லை என்று தெரிந்தால், கொஞ்சம் பணத்தை விட்டுக்கொடுத்து வீட்டைச் சீக்கிரம் வாங்குவது லாபம். காலி வீட்டுக்கு அடுத்த மாதமே வேறு ஆள் வருவார்.

சாவி வாங்கும் நாள்

இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இ.பி. மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள், சுவர், குழாய், ஃபேன், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ‘இன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன்’ என்று ஒரு தாளில் அவர் கையெழுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையெழுத்து. இந்தத் தாள் இல்லாமல் சாவி மட்டும் வாங்கினால், பிறகு எந்தத் தேதி வரை வாடகை என்று சண்டை வரும்.

அட்வான்ஸ் இப்போதுதான் மேசைக்கு வருகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் ஓடுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு வாங்கியிருந்தாலும், பாக்கி வாடகை, இ.பி., ஏற்கத்தக்க ரிப்பேர் ஆகியவற்றைக் கழித்து, மீதியை வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும். கழித்த ஒவ்வொன்றுக்கும் பில் இணைத்துக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். பல வருஷம் குடியிருந்த வீட்டில் சுவர் நிறம் மங்கியதற்கு முழு வீட்டுக்கும் பெயின்ட் அடித்துக் கழிப்பது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது.

அப்புறம், அந்தக் கணக்கின் ஒரு நகல் உங்கள் ஆடிட்டருக்கும் போகட்டும். வசூலாகாத வாடகையை வருமானத்தில் சேர்க்காமல் விடுவதற்கு வருமான வரி விதிகளில் இடம் இருந்து வருகிறது. அந்த ஆள் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், உங்கள் வேறு எந்த வீட்டிலும் அவர் குடியிருக்கக் கூடாது, பணத்தை வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. நோட்டீஸ் நகலும், திரும்பி வந்த கவரும், மனு எண்ணும் அங்கேயும் கேட்கப்படும்.